கழுவக் கழுவக் கூடிய சாம்பல்

இப்போதெல்லாம் செய்தித்தாளின் எந்த மூலையில் சோடியம் பேட்டரி என்று போட்டிருந்தாலும் என் கண் நேரே அங்கேதான் போய் நிற்கிறது. சாதாரண உப்பில் இருக்கிற சோடியத்தை வைத்து பேட்டரியாம், அதற்குள் வைக்கிற கரியைக் கொட்டாங்குச்சியிலிருந்து எடுக்கலாமாம், அந்தக் கரியைக் கடும் அமிலம் இல்லாமலே சுத்தம் செய்துவிடலாமாம். நேற்றுத்தான் யாருக்கோ தோன்றியதுபோல எழுதுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் படித்து முடித்ததும் மனசில் வந்து நிற்பது பேட்டரி இல்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சனிக்கிழமைதோறும் விளக்கு வைத்த பிறகு அடித்த டெலிபோன்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான ஓர் அறை, மின்சாரத்தில் சூடேறும் ஓர் உலை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, இஷ்டப்பட்டால் தண்ணீர் வரும் ஒரு குழாய். செல்போன் அப்போதுதான் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது. பேட்டரி என்றால் எல்லோரும் லித்தியம் என்றுதான் பேசினார்கள். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியைக்கு, அவரை மேடம் என்போம், ஊரோடு ஒத்துப்போகிற பழக்கமே கிடையாது. வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு வந்து, "லித்தியத்துக்கு நாம எங்க போறது? உப்பு இருக்கு, கொட்டாங்குச்சி இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ண முடியுமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

ரெண்டு பேர் என்றது என்னையும், எனக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்திருந்த இன்னொரு மாணவரையும். அவர் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு வேலை செய்த இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன வேடிக்கை சொன்னாலும் உடனே சிரிக்க மாட்டார். சொன்னதைக் கொஞ்சம் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். அந்தத் தாமதமான சிரிப்புக்காகவே நான் தேவையில்லாத வேடிக்கைகள் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கொட்டாங்குச்சி கொண்டுவருவது அவர் பொறுப்பு. வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடையில் சட்னிக்கு உடைத்த தேங்காயின் ஓடுகளைச் சாக்கில் கட்டி எடுத்து வருவார்.

"கண்டக்டர் கேக்கறாரு, இன்னாபா மூட்டைன்னு. கொட்டாங்குச்சின்னேன். அடுப்பெரிக்கவான்னாரு. ஆமாண்ணா, ஆயிரம் டிகிரியிலன்னேன். அப்பறம் திருமுக்கூடல் தாண்டற வரைக்கும் என்னையே பாத்துக்கினு இருந்தாரு."

"உங்க பஸ் திருமுக்கூடல் வழியா வராதே" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். கதையை நீட்டுவதற்காக ஊரையே வளைத்துப்போட்டு ஓட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

வேலை இதுதான். கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, மறுபடி உலையில் வைத்து எடுக்க வேண்டும். சோடியம் லித்தியத்தைவிடப் பருமனானது. அது உள்ளே போய்த் தங்கி, திரும்பி வெளியே வர வேண்டுமானால் கரிக்குள் கொஞ்சம் தாராளமாக இடம் வேண்டும். கொட்டாங்குச்சிக் கரியில் அந்த இடம் உண்டு. ஆனால் மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சாம்பல் சத்தும், இரும்பும் சுண்ணாம்பும் கரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் கழுவி எடுக்காவிட்டால் சோடியம் வழியிலேயே வீணாகும். புத்தகத்தில் சொல்லியிருந்த வழி, கடுமையான அமிலத்தில் கொதிக்க வைப்பது. கொதிக்க வைத்த பிறகு அந்த அமிலம் எங்கே போகும் என்று புத்தகத்தில் இல்லை. எங்கள் கட்டடத்தில் அது பின்பக்கக் கால்வாய்க்குத்தான் போகும்.

எங்கள் ஊர்க் கால்வாய்களுக்கு அது ஒன்றுதான் குறை. பட்டுக்குச் சாயம் போடுகிற தெருக்களில் சாக்கடையைப் பார்த்தே இன்றைக்கு என்ன நிறத்துக்குக் கிராக்கி என்று சொல்லிவிடலாம். முகூர்த்த மாதங்களில் அரக்குச் சிவப்பாக ஓடும். எனக்கு அது பார்த்துப் பழகிப்போன காட்சி. அவருக்கு அப்படி இல்லை. பாலாறு எங்கள் ஊரைத் தாண்டித்தான் அவர் ஊருக்குப் போகிறது.

"நீங்க மேல ஊத்தறத நாங்க கீழ குடிச்சுக்கினு இருக்கறோம்மா" என்றார் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. கையில் அமில பாட்டிலை வைத்துக்கொண்டு, ஊற்றலாமா வேண்டாமா என்று நின்றபடி சொன்னார். அன்றைக்கே அமிலத்துக்குப் பதில் எலுமிச்சை உப்பு போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கிற அதே உப்புதான். அதையும் வெந்நீரில் கரைத்தால் ஓர் அமிலம்தான். ஆனால் கால்வாயில் விட்டாலும் புல் கருகாது. மேடம் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பங்கு கரியைப் புத்தக வழியில் கடும் அமிலத்திலும் இன்னொரு பங்கை எலுமிச்சை உப்பிலும் கழுவச் சொன்னார்.

கழுவிய கரியை வடிகட்ட வேண்டும். அங்கேதான் எங்கள் காஞ்சிபுர மூளை வேலை செய்தது. கரி மாவுபோல மிக நைசாக இருக்கும். பருத்தித் துணியில் ஊற்றினால் கரியும் சேர்ந்து இறங்கிவிடும். நல்ல வடிதாள் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஈரம் பட்டால் கிழியும். கண்ணாடி வடிகட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனால் பட்டுத் துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? எங்கள் தெரு முனையில் ரவிக்கை தைக்கிறவரிடம் வெட்டு மிச்சம் பை பையாகக் கிடந்தது. நெருக்கமாக நெய்த பட்டு, கரியை அப்படியே நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டது. கடும் அமிலம் பட்டால் பட்டு பொத்துப்போகும் என்பதால் அந்தப் பங்கைக் கண்ணாடியில் வடித்தோம், எலுமிச்சைப் பங்கைப் பட்டில் வடித்தோம். எங்களுக்கு அதில் ஒரே பெருமை. கொட்டாங்குச்சி, எலுமிச்சை உப்பு, பட்டு. எதுவும் எங்கிருந்தும் வரவழைத்ததில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தையற்காரர் அகலமான கரைத் துண்டுகளைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் சின்னச் சின்ன சரிகைப் பூ போட்ட துண்டுகள். புட்டா என்போமே, அது. அந்தப் பூக்களை ஊசியால் நெம்பி, இழை இழையாகப் பிரித்து எடுத்த பிறகுதான் துணி வடிகட்டியாகும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உலை சூடேறுகிற நேரத்தில், ஜன்னலோரம் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து சரிகை பிரிப்போம்.

எனக்கு அந்த மதியங்கள் வேண்டும். இதைவிடச் சுற்றி வளைக்காமல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜைவரை வரும். அவர் துணியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஊசியை விடுவார். பேச்சு எங்கெங்கோ போகும். அவர் ஊர்ச் சர்ச் திருவிழாவில் மைக்செட்காரர் செய்த அக்கிரமம், எங்கள் கோயிலில் புளியோதரை வாங்க நான் போடும் சண்டை, மேடத்தின் புடவைக்கும் கோபத்துக்கும் இருக்கிற தொடர்பு. மயில் நீலம் கட்டி வந்தால் அன்றைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது அவர் கண்டுபிடிப்பு.

"நெய்யறவங்க பூ வெக்கிறதுக்கு எவ்ளோ பாடுபட்டிருப்பாங்க. நாம உக்காந்து பிச்சுக்கினு இருக்கறோம்" என்பார்.

"அவாளுக்குத் தெரிஞ்சா நம்மளப் பிச்சுடுவா" என்பேன்.

யோசிப்பார். சிரிப்பார். நாங்கள் கடைசிவரை ஒருவரை ஒருவர் நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டோம். அவர் மட்டும் பேச்சுவாக்கில் ஒரு 'மா' சேர்ப்பார். அது அவர் ஊரில் டீக்கடையில் பால் வாங்க வரும் பெண்ணுக்கும் சேர்க்கிற 'மா'தான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன்.

கரி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி, அதை எரித்துவிடுவது. எடை போட்ட கரியைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, உலையில் காற்றோட்டமாக எரித்தால் கரியெல்லாம் காற்றோடு போய்விடும். கரியில்லாதது மட்டும் சாம்பலாக அடியில் நிற்கும். சாம்பல் இல்லையென்றால் கரி சுத்தம். கடும் அமிலத்தில் கழுவிய பங்கை எரித்தால் கிண்ணம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. எலுமிச்சைப் பங்கை எரித்தால் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது.

கழுவினது போதவில்லை என்று நினைத்தோம். இன்னொரு முறை கழுவினோம். புதுத் துணியில் வடித்தோம். சாம்பல் குறையவில்லை, கூடியது. உப்பைக் கூட்டினோம், சூட்டைக் கூட்டினோம், திரும்பத் திரும்பக் கழுவினோம். கழுவக் கழுவக் கூடிக்கொண்டே போனது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அழுக்குத் துணியை அடித்துத் துவைக்கத் துவைக்க அழுக்கு ஏறினால் எப்படி இருக்கும்? சாம்பலில் இரும்பு இருக்கிறதா என்று சோதித்தோம். லேசாகச் சிவந்தது, இரும்பு இருந்தால் வருகிற சிவப்பு. இரும்பு எங்கேதான் இல்லை? ஆனால் தேடியது கிடைத்த நிம்மதியில் அதற்குமேல் நாங்கள் தேடவில்லை. கொட்டாங்குச்சியில் இருக்கிற இரும்பை இழுத்து வெளியே போட எலுமிச்சை உப்புக்குத் தெம்பில்லை என்று எழுதிவைத்தோம்.

மேடம் மயில் நீலத்தில் வந்த ஒருநாள் வெடித்தார். "சாம்பல் போகாம சென்னைக்கு அனுப்ப மாட்டேன். அங்க பேட்டரி பண்ணிப் பாக்கறவா நம்மளப் பார்த்துச் சிரிப்பா." எங்களிடம் பேட்டரி செய்து பார்க்கும் வசதி கிடையாது. சென்னைக்குப் போகாவிட்டால் வாலாஜாபாத்காரரின் ஆய்வு அந்தரத்தில் நிற்கும். அவருக்கு உதவித்தொகைக் காலம் முடிகிற நேரம். வீட்டில் தங்கை கல்யாணத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். ஓசூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், மாத்திரைகளில் கலப்படம் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை வந்தது. எடுத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னதெல்லாம் கரியைப் பற்றித்தான். "என்னால முடியலமா. ஆனா எலுமிச்ச உப்பு மேல தப்பு இருக்கும்னு என் மனசு ஒத்துக்கல. நீங்க விட்டுடாதீங்க. நான் போன் பண்ணிக் கேக்கறேன்." நான் தலையாட்டினேன். வேறு ஏதாவது சொல்வார் என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

சொன்னபடி போன் வந்தது. ஓசூரில் அவர் தங்கியிருந்த அறையில் போன் கிடையாது. சனிக்கிழமை ஷிப்டு முடிந்து, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பண்ணுவார். அவர் பண்ணினால் உண்டு. நானாகப் பண்ண வழியில்லை. எங்கள் வீட்டிலோ போன் நடுக்கூடத்தில், எல்லோர் காதுக்கும் நடுவில். முதல்முறை அப்பாதான் எடுத்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். போனில் வருகிறவர் பெயர், ஊர், காரணம் மூன்றையும் கேட்காமல் விடமாட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "சாம்பல் எவ்வளவுன்னு கேக்கறான்" என்று ரிசீவரை நீட்டினார். வீட்டில் அன்றிலிருந்து அதற்குக் கரிப்போன் என்று பெயராகிவிட்டது.

அம்மாவுக்கு முதலில் கவலைதான். வயசுப் பெண்ணுக்கு வாராவாரம் ஓர் ஆண்பிள்ளை போன் பண்ணுகிறான், அதுவும் வேற்று மதத்துப் பையன். கீரை ஆய்கிற சாக்கில் போனுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்துகொள்வாள். அவள் காதில் விழுந்ததெல்லாம் உலை, உப்பு, வடிகட்டல், சாம்பல், மறுபடி சாம்பல். இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் அலுத்துப்போய் கீரையோடு சமையலறைக்கே போய்விட்டாள். "என்ன கண்றாவியோ, எப்பப் பாத்தாலும் சாம்பலப் பத்தியே பேசிண்டு" என்று அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தச் சாம்பல்தான் எனக்குக் காவல். அது இருக்கிறவரை அவர் கூப்பிடலாம், நான் பேசலாம், கேட்பவர்கள் கேட்கலாம். அந்த வாரம் என்ன மாற்றிச் செய்தேன் என்று சொல்வேன். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். அவர் வேடிக்கையாக ஏதாவது சொல்வார், நான் சிரிப்பேன். நான் ஏதாவது சொன்னால் மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவர் அந்த மௌனத்தைச் சுருக்கவில்லை. பிறகு சிரிப்பு வரும். ஒரு வாரம் உலை பழுதாகிக் கிடந்தது. அடுத்த வாரம் சொல்ல ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்தச் சனிக்கிழமையும் பண்ணினார். "அடுப்பு சரியாயிடுச்சான்னு கேக்கலாம்னு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல மாதங்கள் ஓட்டினேன்.

அவர் போன பிறகு ஜன்னலோரம் ஒரு முக்காலி காலியாகவே கிடந்தது. புதுத் துணி தேவைப்பட்டபோதெல்லாம் நாங்கள் முன்பே பிரித்து வைத்திருந்த துண்டுகளை எடுத்துச் சமாளித்தேன். அவை தீர்ந்துபோயின. தையற்காரரிடம் ஒரு பை வாங்கிவந்து, வெயில் மேஜைக்கு வந்த நேரத்தில் ஊசியோடு உட்கார்ந்தேன். முதல் பூவில் ஊசியை விட்டேன். என்னால் முடியவில்லை. எதிரே ஆள் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய எனக்குத் தெம்பில்லை. துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, கண்ணாடி வடிகட்டியை எடுத்துக் கழுவி, எலுமிச்சைப் பங்கை அதிலேயே வடித்துவிட்டேன். இதில் யோசனை ஒன்றும் கிடையாது. சரிகை பிரிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் உலையைத் திறந்து கிண்ணத்தை எடுத்தேன். அடி வெள்ளையாக இருந்தது. தப்பான கிண்ணத்தை எடுத்துவிட்டேன் என்று நினைத்து, அடியில் போட்ட குறியைத் திருப்பிப் பார்த்தேன். சரியான கிண்ணம்தான். தராசில் வைத்தேன். கரி வைக்குமுன் வெறும் கிண்ணம் என்ன எடை இருந்ததோ, கிட்டத்தட்ட அதே எடை. சாம்பல் இல்லை.

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது திகைப்பு, அதன் பின்னாலேயே ஒரு கோபம். மேஜைக்கு அடியில் கிடந்த பையைப் பார்த்தேன். நாங்கள் பிரித்த பழைய துண்டு ஒன்று அலமாரி மூலையில் மிச்சம் இருந்தது. கண்ணுக்கு ஒரு சரிகை இழைகூடத் தெரியாத, சுத்தமான துண்டு. அதை நைட்ரிக் அமிலத்தில் கொஞ்சம் ஊற வைத்து எடுத்து, அந்த நீரில் அம்மோனியா சேர்த்தேன். பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் செய்கிற சோதனை. குழாயில் நீலம் பிறந்தது. செம்பு இருந்தால் மட்டும் வருகிற நீலம்.

சரிகை என்றால் என்ன? பட்டு நூலைச் சுற்றி வெள்ளித் தகடு, வெள்ளியில் செம்பு, மேலே தங்கப் பூச்சு. காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் ஊசியால் நெம்ப நெம்ப அந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்ந்து துணிக்குள் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் ஒரு புதுத் துணி, ஒவ்வொரு புதுத் துணியிலிருந்தும் கொஞ்சம் செம்பும் வெள்ளியும் கரிக்குள். கடும் அமிலம் கண்ணாடியில் வடிந்ததால் தப்பித்தது. பழியெல்லாம் எலுமிச்சை உப்பின் தலையில். வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரிகை பார்த்ததும் இது உலோகமாயிற்றே என்று ஒதுக்கியிருப்பார். எங்களுக்கு அது பூ. பூவைப் பறித்த பிறகு செடியில் பூ இருக்காது என்று நினைத்துவிட்டோம்.

அவர் மனசு சொன்னது சரி. எலுமிச்சை உப்பின்மேல் தப்பே இல்லை. ஜன்னலோரம் நான் உயிரை வைத்திருந்த அந்த மதியங்கள்தான் கரியைக் கெடுத்தன, அவரை ஊரைவிட்டு அனுப்பின. அந்த நினைப்பு வந்தபோது முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. மேடத்திடம் சொல்லவில்லை. முதலில் ஓசூரில் இருக்கிறவருக்குத்தான் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த பயம் வேறு. சாம்பல் போய்விட்டது என்று சொன்னால், அடுத்த வாரம் அவர் எதைக் கேட்பதற்குக் கூப்பிடுவார்? சொல்லாமல் விட்டால் இன்னும் சில சனிக்கிழமைகள் கிடைக்கும். லேசாகக் குறைந்திருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போகலாம். வியாழக்கிழமை பூரா அதை யோசித்தேன். வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு கிண்ணம் எரித்துப் பார்த்தேன். ஏதாவது ஒன்றில் சாம்பல் நிற்காதா என்று இருந்தது. இரண்டும் வெள்ளை. ஓர் ஆராய்ச்சி மாணவி, தன் சோதனை தோற்க வேண்டும் என்று உலைக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

சனிக்கிழமை போன் அடித்தது. அப்பா எடுத்து, பெயரைக்கூடக் கேட்காமல் என்னிடம் நீட்டினார்.

"சாம்பல் எவ்ளோ?" என்றார் மறுமுனையில், வழக்கம்போல.

அவர் குரலில் ஓசூரின் அலுப்பு இருந்தது. பகல் முழுக்க மாத்திரைகளைக் கரைத்துவிட்டு, தான் தோற்றுப்போனதாக நினைக்கிற ஒரு விஷயத்தைக் கேட்க வாராவாரம் பூத்துக்கு நடந்து வருகிற மனுஷன். அந்தக் குரலிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை" என்றேன். "சாம்பலே இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி வடிகட்டி, பட்டுத் துண்டு, அம்மோனியா, நீலம். ஏன் கண்ணாடியில் வடித்தேன் என்று கேட்டார். துணி தீர்ந்துபோய்விட்டது என்றேன்.

"சரிகையா" என்றார். "அய்யோ, சரிகையாமா? நாமளே உக்காந்து பிச்சுப் பிச்சுப் போட்டுக்கினு இருந்தோமே." சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை தாமதமே இல்லை. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே கிடையாது. பூத்துக்காரர் எட்டிப் பார்த்திருப்பார். "இத்தினி நாளு நெஞ்சுல ஒரு கல்லு மாதிரி இருந்துச்சுமா. ராத்திரி படுத்தா இதான் ஓடும். வேலையில கவனமே போகல, தெரியுமா? சூப்பர்வைசர்கிட்ட எவ்ளோ திட்டு. இப்ப எறங்கிடுச்சு. எல்லாம் எறங்கிடுச்சு. ரொம்ப தேங்க்ஸ்மா."

மேடத்திடம் உடனே சொல்லுங்கள் என்றார். சென்னைக்கு எவ்வளவு கரி அனுப்ப வேண்டும் என்று கணக்குச் சொன்னார். தன் பெயரைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். போடாமல் எப்படி என்றேன். "நீங்க நல்லா வரணும்" என்றார். வாலாஜாபாத் பெரியவர்கள் தலையில் கை வைத்துச் சொல்வார்களே, அந்த மாதிரி. நான் இன்னும் ஏதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சுவாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆகட்டும் என்று சொன்னேன். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். கரி சென்னைக்குப் போனது. அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். கட்டுரை வந்தது, எங்கள் பெயர்கள் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர் வேலையில் மேலே வந்தார் என்று மேடம் வழியாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முன்னால் வந்த ஒரு சனிக்கிழமை. அவரிடம் சொன்ன மறுவாரம். விளக்கு வைத்ததும் கூடத்துக்கு வந்து ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் சைக்கிள்கள் போயின. கோயிலில் மேளம் கேட்டு அடங்கியது. பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒலி சரியாகத்தான் வந்தது.

அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். "யார் போனை எதிர்பாக்கறே? அந்தப் பையனோடதா?"

"ம்."

"அதான் விடை கிடைச்சுடுத்தே. இனிமே எதுக்கு அவன் காசைச் செலவழிச்சுண்டு பண்ணணும்?"

அப்பா சரியாகத்தான் சொன்னார். கணக்கு முடிந்ததும் கோடு போட்டு நிறுத்துவது அவர் தொழில். ஆமாம்பா என்று சொன்னேன். சாப்பிட எழுந்து போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் விளக்கு வைத்ததும் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.